வெள்ளையனுக்காக ஓடிய எஞ்சின்

கண்டி
9 ஆகஸ்ட் 1938

திரு. வரதராசா அவர்களுக்கு,

மன்னார் தந்திக் கந்தோரில் வேலை ஏற்றுக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். சுகமாக இருங்கள். சொல்லாமல் போனவருக்கு நான் ஏன் முதலில் எழுத வேண்டும் என்று இத்தனை மாதமும் வீம்பாகத்தான் இருந்தேன். இப்போது தேவை வந்துவிட்டது. வீம்பை வைத்து மணிக்கூடு திருத்த முடியாது.

குண்டசாலையில் மார்ச் மாதம் நடந்தது உங்களுக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அறுவடை முடிந்த வயலில் நாம் இருவரும் செய்து பறக்கவிட்ட சின்ன விமானம், உங்கள் ரேடியோப் பெட்டிக்கு அடங்காமல் திரும்பி, தெருவுக்கு மேலே போய், கறுப்பையாவின் இரட்டை மாட்டு வண்டிக்கு முன்னால் அலறிக்கொண்டு விழுந்தது. மாடுகள் வெருண்டு ஓடி, வண்டி வாய்க்காலில் குடைசாய்ந்தது. கறுப்பையாவின் கால் முறிந்தது. அடுத்த வாரமே உங்களுக்கு மாற்றல் வந்தது. வந்ததோ, கேட்டு வாங்கியதோ, அது உங்களுக்கும் கடவுளுக்கும் உள்ள விஷயம்.

கால் கூடிவிட்டது. கோணல்தான், ஆனால் நடக்கிறான். பாவம், மாடுதான் கூடவில்லை. இடப்பக்கம் கட்டுகிற வெள்ளையனுக்கு இப்போது எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் நடுக்கம். பஸ் வந்தால் நுகத்தை முறித்துக்கொண்டு ஓடப் பார்க்கிறது. பல்லேகலத் தோட்டத்தில் கொக்கோ மூட்டை ஏற்றக் கறுப்பையாவை இனிக் கூப்பிட மாட்டார்களாம்.

எனக்கு வேண்டியது இதுதான். வெள்ளையனுக்காக விமானத்தின் எஞ்சினை நான் ஓட்ட வேண்டும். பொறி அடிக்கிற சுருளில் எந்தக் கம்பியோடு எந்தக் கம்பியைக் கட்டுவது என்று எனக்குத் தெரியாது. மின்சார வேலை முழுக்க உங்களுடையதாக இருந்தது. எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மஹ்ரூப்


மன்னார்
20 ஆகஸ்ட் 1938

அன்புள்ள மஹ்ரூப் நானாவுக்கு,

கடிதம் கிடைத்தது. "திரு." என்று ஆரம்பித்திருந்ததால் முதலில் வேறு ஆருக்கோ வந்தது என்று நினைத்தேன்.

கம்பி கட்டும் முறையை நான் எழுதப்போவதில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்டிக் கந்தோரிலிருந்து இராஜரத்தினம் போன வாரம் எழுதியிருந்தார். வரும் மார்ச் மாதம் நடக்கவிருக்கும் விவசாயக் கண்காட்சியில் ஆகாயவிமானம் விட்டுக் காட்டும்படி உங்களைக் கேட்டிருக்கிறார்களாம். பந்தல், பேண்ட் வாத்தியம், துரைமார், பெண்டு பிள்ளைகள் என்று ஊரே கூடும் இடம். ரேடியோப் பெட்டி என்னிடம் இருக்கிறது. அது இல்லாமல், திருப்ப வழியில்லாத விமானத்தை அந்தச் சனத்துக்கு மேலே விடப்போகிறீர்கள். அதற்கு மாட்டை ஒரு சாட்டாக எழுதியிருக்கிறீர்கள்.

தெருவில் சிவப்புத் துணியோடு ஓராள் நிற்காமல் எஞ்சினைத் தொடக்கூடாது, தாங்கியில் ஒரு நிமிடம் ஓடுவதற்கு மேல் பெற்றோல் ஊற்றக்கூடாது, கட்டுப்பாடு தப்பினாலும் பெற்றோல் தீர்ந்து வயலுக்குள்ளேயே இறங்கிவிடும் என்று சட்டம் போட்டவர்கள் நீங்களும் நானும்தான். அன்றைக்கு இரண்டு துரைமார் பார்க்க வந்து நின்றார்கள் என்று தாங்கி முட்ட ஊற்றியவர் யார்? துணி பிடித்து நின்ற உங்கள் மச்சான் ஹலீமை, "வந்து பாருங்க" என்று வயலுக்குள் கூப்பிட்டவர் யார்? பெற்றோல் அளவாக இருந்திருந்தால் அது தெருவைத் தொட்டிராது.

மாற்றலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இலாகாவின் கட்டளை. இங்கே தண்ணீர் உப்பு, காற்று நெருப்பு, வீட்டில் கமலாசனிக்கு வந்த நாள் முதல் தலையிடி. கேட்டு வாங்குகிற இடமா இது?

வரதராசா


கண்டி
29 ஆகஸ்ட் 1938

வரதராசாவுக்கு,

பெற்றோல் ஊற்றியது நான்தான். ஹலீமைக் கூப்பிட்டதும் நான்தான். எங்கேயும் மறுக்கவில்லையே! ஆனால் விமானத்தைத் தெருப்பக்கம் திருப்பியது பெற்றோலா?

வாலைத் திருப்பும் பல்சக்கரம் என் கையால் செய்தது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் வலம், மறுமுறை நேர், அடுத்தது இடம், பிறகு நேர். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு பல். அழுத்தி, கையை எடுத்து, சக்கரம் நகரப் பொறுத்து, பிறகுதான் அடுத்தது. இதை உங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! நீங்கள் பதற்றத்தில் தந்தி அடிக்கிற மாதிரி டக்கு டக்கென்று தட்டினீர்கள். உங்கள் விரல் பழகிய வேகத்துக்குச் சக்கரம் என்ன செய்யும்? பாதித் தட்டலை அது எடுக்கவே இல்லை. எந்தப் பல்லில் நிற்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நேர் என்று நினைத்து நீங்கள் அழுத்தினீர்கள், அது தெருப்பக்கம் சாய்ந்தது. இலங்கையிலேயே வேகமான சிக்னலர் என்று உங்களுக்குப் பேர். அந்தப் பேர் அன்றைக்கு நமக்கு வேண்டியிருக்கவில்லை.

சரி, விடுங்கள். சண்டை பிடிக்கவும் இப்போது உடம்பில் தெம்பில்லை.

கண்காட்சிக்காரர்களிடம் முடியாது என்று அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டேன். இராஜரத்தினம் அதை உங்களுக்கு எழுதவில்லையாக்கும். மாடு சாட்டு இல்லை, மாடுதான் விஷயம். இறைச்சிக்கடை முஹைதீன் வெள்ளையனைக் கேட்டு இரண்டு தடவை குண்டசாலைக்குப் போய்வந்துவிட்டான். அவனும் எங்கள் ஆள்தான், அவன் தொழிலை அவன் செய்கிறான். வெள்ளையன் போனால் மற்ற மாட்டை மட்டும் கட்டி வண்டி ஓடாது. கன்றிலிருந்து ஒன்றாக நுகம் பழகிய சோடி. நான் கையில் கொண்டுபோன உதவிப் பணத்தைக் கறுப்பையா தொடக்கூட இல்லை. "அதெல்லாம் வேணாங்க மொதலாளி. மாட்டக் கெடுத்தது நீங்க. மாட்டத் திருத்திக் குடுங்க" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

என் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் பகல் பன்னிரண்டுக்கு எல்லா மணிக்கூடும் ஒன்றாக அடிக்கும்போது துள்ளி விழுவார்கள். எனக்கு அது காதிலேயே விழாது. மாட்டுக்கும் அப்படி ஒரு பழக்கம் வரவழைக்க முடியாதா? இறக்கையைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சினை மட்டும் பலகையில் பூட்டி, முதலில் தூரத்தில் ஓட்டுவது. வெள்ளையன் தீன் தின்னும்போது ஓட்டுவது. பழகப் பழகக் கிட்டே கொண்டுவருவது. அதே சத்தம் வேண்டும். பஸ்ஸை நான் எங்கே கட்டி வைக்க?

வீட்டில் கைரியாவிடம் சொன்னேன். "ஊட்டுல ஈக்கிற மணிக்கூடே ஓடல்ல. இவரு மாட்டுக்கு மணியடிக்கப் போறாரு" என்றாள். அவளுடைய பழைய பட்டுச் சேலைதான் விமானத்தின் இறக்கை என்பதை இன்னும் அவள் மன்னிக்கவில்லை.

மனமிருந்தால் கம்பி விஷயத்தை எழுதுங்கள்.

மஹ்ரூப்


மன்னார்
6 செப்டெம்பர் 1938

அன்புள்ள நானா,

கண்காட்சியை மறுத்தது தெரியாமல் எழுதிவிட்டேன். இராஜரத்தினத்துக்கு வேறாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், காரமாக.

இத்துடன் படம் வைத்திருக்கிறேன். சிவப்புக் கம்பி பற்றரிக்கு, கறுப்பு எஞ்சினின் உடம்புக்கு, தடித்த கம்பி பிளக்குக்கு. தடித்ததை ஓடும்போது தொட்டால் மாட்டைவிட நீங்கள்தான் கூடத் துள்ளுவீர்கள்.

இனி நான் சொல்வதைக் கோபிக்காமல் கேளுங்கள். பலகையை, ஆட்டினாலும் அசையாத ஒரு மரக்குற்றியில் பூட்டுங்கள். எஞ்சினின் முன்னால் சுழலும் காற்றாடியை விரலால் சுண்ட வேண்டாம், தடிக்கு ரப்பர் சுற்றி அதால் தட்டுங்கள். அதன் முன்னாலோ பக்கவாட்டிலோ ஒருவரும் நிற்கக்கூடாது, மாடும் நிற்கக்கூடாது. காற்றாடி உடைந்தால் துண்டு அந்தப் பக்கம்தான் பறக்கும். எல்லாரும் பின்னால். எல்லாவற்றிலும் முக்கியம், ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். பறக்கும்போது எதிர்க்காற்று எஞ்சினைக் குளிர்த்தும். பலகையில் அந்தக் காற்று இல்லை. சூடேறி இறுகினால் அதோடு சரி. அமெரிக்காவிலிருந்து அதை வரவழைக்க நாம் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கமலாசனி இதை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கென்ன விசரே? மாட்டுக்கு மிசின் பழக்கிறதுக்குப் படம் கீறிக் குடுக்கிறியள். இஞ்ச வீட்டுக் கதவு ஒண்டு பூட்டுதில்லை, அதைப் பாருங்கோவன்" என்கிறாள்.

கை விஷயத்துக்குப் பதில் எழுதவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வரதராசா


கண்டி
14 நவம்பர் 1938

தம்பி வரதராசா,

பதில் பிந்தியதற்கு மழைதான் காரணம். மத்தியானம் ஆனால் இடி முழக்கம். வெள்ளையன் அதற்கு ஒன்றும் செய்வதில்லை. வானம் இடிந்து விழுந்தாலும் புல் தின்கிறது, ஒரு ஓட்டை மோட்டார் சைக்கிளுக்கு மூத்திரம் பெய்கிறது. மாட்டின் மனதை யார் கண்டது!

கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு அம்பிட்டியவிலிருந்து டவுனுக்கு இறங்கி, அங்கிருந்து தென்னக்கும்புரப் பாலம் தாண்டி, குண்டசாலைக்குப் போய்வருகிறேன். மடியில் எஞ்சின், காலடியில் பெட்டரி. பஸ் கொண்டக்டர் என்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டி முன் சீட்டில் இருக்க விடுகிறான்.

முதல் நாள் வெள்ளையன் கயிற்றை அறுத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் ஓடிவிட்டது. கறுப்பையா கோணல் காலோடு பின்னால் நொண்டி நொண்டிப் போனதைப் பார்த்தபோது எஞ்சினைத் தூக்கி மகாவலியில் போட்டுவிட்டு வந்துவிடலாம் போலிருந்தது. அடுத்த தடவை இரண்டு வயல் தள்ளி வைத்து ஓட்டினேன். மாடு நிமிர்ந்து பார்த்தது, ஓடவில்லை. இப்போது பிண்ணாக்கு ஊறிய வாளியை வைத்தால், ஒரு வயலுக்கு அப்பால் எஞ்சின் ஓடினாலும் வாயை எடுப்பதில்லை. காது மட்டும் என் பக்கம் நிற்கும். நீங்கள் சொன்ன தடி, ரப்பர், மரக்குற்றி எல்லாம் சொன்னபடியே. ஹலீம் சிவப்புத் துணியோடு நிற்கிறான். பறக்காத எஞ்சினுக்கு ஏன் துணி என்று கேட்டான். பிடித்துக்கொண்டு நில் என்றேன்.

ஆனால் ஒரு சிக்கல். நம் எஞ்சின் ஒரு நிமிடம் கத்தி ஓய்ந்துவிடுகிறது. பாலத்திலிருந்து மூட்டையோடு ஏறுகிற லொறி அப்படியா? வண்டிக்குப் பின்னால் வந்து, முந்த இடமில்லாமல், ஏற்றம் முடியும்வரை முக்கிக்கொண்டே வரும். வெள்ளையன் முதலில் பொறுக்கும். சத்தம் நிற்காது என்று தெரிந்ததும்தான் அதற்குப் பேய் பிடிக்கும். போன கிழமை வெறும் வண்டி கட்டிப் பார்த்தோம். ஏற்றத்தின் பாதியில் தெருவைவிட்டு இறங்கிவிட்டது. நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தைப்பொங்கல் வரைக்கும்தான் பொறுப்பானாம் கறுப்பையா. பட்டிப் பொங்கலுக்கு மாலை போட்டுவிட்டுப் பிறகு முஹைதீனிடம் விடுவதாகச் சொன்னான். மாலை போட்ட மாட்டை எப்படியடா கொடுப்பாய் என்று கேட்டேன். "அதுக்கு என்னாங்க செய்றது, வயித்துக்கு மாலை தெரியுமா" என்றான்.

களைத்துப் போய்விட்டேன், தம்பி. உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது, சிரிப்பார்கள்.

மஹ்ரூப்


மன்னார்
2 சனவரி 1939

அன்புள்ள மஹ்ரூப் நானா,

இத்தனை நாள் யோசித்ததற்குப் பலன் கிடைத்திருக்கிறது. இதை இருந்து எழுத முடியவில்லை, எழும்பி நின்று எழுதுகிறேன்.

பெட்டியில் ஒரு முள் பூட்டிவிட்டேன். பொத்தானை அழுத்த அழுத்த முள் வலம், நேர், இடம், நேர் என்று நகரும். சக்கரம் எந்தப் பல்லில் நிற்கிறது என்று பெட்டியைப் பார்த்தாலே தெரியும். அத்தோடு, அவசரப்பட்டுத் தட்டினாலும் ஒரு தட்டலும் தவறிப்போகாதபடி பொத்தானுக்கு அடியில் கனத்த வில் ஒன்று வைத்திருக்கிறேன். முழுதாக அமர்ந்து முழுதாக எழும்பினால்தான் அடுத்தது. ஆருடைய கையானாலும் மெதுவாகத்தான் போகும்.

இராஜரத்தினம் மீண்டும் எழுதியிருக்கிறார். கண்காட்சிக்காரர்கள் இப்போது பல்லேகலப் பக்கம் தனியாக ஒரு வெளி தருகிறார்களாம், சனத்தைத் தூரத்தில் கயிறு கட்டி நிறுத்துவார்களாம், தெருவை மறிக்கப் பொலிஸ் தருவார்களாம். நாங்கள் கேட்காமலே எல்லாப் பாதுகாப்பும் அவர்களாகவே தருகிறார்கள். நான் லீவு எடுத்துக்கொண்டு வருகிறேன். கண்டியில் எங்கள் பேர் வண்டி கவிழ்த்தவர்கள் என்றுதானே நிற்கிறது? அதை அழிக்க இதைவிட வேறு தருணம் வராது. இதற்குப் பிறகு எனக்கு எங்கே மாற்றலோ, யாருக்குத் தெரியும்.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எஞ்சினைக் காப்பாற்றி வையுங்கள். மாட்டுக்கு நீங்கள் செய்தது போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

பதிலைத் தந்தியிலேயே அடியுங்கள். நானே வாங்குவேன்.

வரதராசா


கண்டி
19 சனவரி 1939

தம்பி ராசா,

தந்தி அடிக்கவில்லை. சொல்ல வேண்டியது அதற்குள் அடங்காது.

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முன்பே கிடைத்துவிட்டது. கடையில் வைத்து வாசித்தேன். முள் என்றதும் கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டேன். இந்தச் சிறு விஷயம் நமக்கு முதலிலேயே தோன்றாமல் போனதே! அன்றைக்கு முழுக்கப் பல்லேகல வெளியில் விமானம் வட்டமடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைரியா, "என்ன, தனியாச் சிரிச்சிக்கிட்டு ஈக்கிறீங்க?" என்று கேட்டாள். உண்மையாகவே எனக்கு ஆசையாக இருந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பட்டிப் பொங்கலன்று குண்டசாலைக்குப் போனேன். கறுப்பையா இரண்டு மாட்டின் கொம்புக்கும் வர்ணம் பூசிக்கொண்டிருந்தான். பெண்சாதி மாலை கட்டிக்கொண்டிருந்தாள். அவன் வெள்ளையனின் கொம்புக்குத்தான் நேரம் எடுத்தான். தெருவோரம் முஹைதீனின் ஆள் குந்தியிருந்தான். மரியாதைக்குத் தள்ளிப்போய்த்தான் இருந்தான், ஆனால் இருந்தான்.

உங்கள் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது, ராசா.

தாங்கி முட்ட ஊற்றினேன். இந்த முறை துரைமார் யாரும் இல்லை. வெள்ளையனுக்குப் பத்தடி பின்னால், காற்றாடி மாட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கக் குற்றியில் பூட்டி, எல்லாரையும் பின்னுக்கு நிறுத்தி, தடியால் தட்டினேன். மாடு வாளியில் வாயை வைத்தது. நிமிடம் தாண்டியது. காது நிமிர்ந்தது, முதுகுத் தோல் நடுங்கியது. ஏற்றத்தில் லொறி எவ்வளவு நேரம் முக்குமோ அவ்வளவு நேரமும் ஓடவிட்டேன். எஞ்சின் நீலமாகிப் புகைந்தது. கறுப்பையா மாட்டின் நெற்றியில் கையை வைத்து, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று சொல்லிக்கொண்டே நின்றான். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறான் போலிருந்தது. தாங்கி தீர்ந்தது. ஆறவிட்டு, மறுபடி முட்ட ஊற்றினேன். அந்தத் தடவை நடுங்கவும் இல்லை. மூன்றாம் முறை பாதியில் கடகடவென்று உள்ளுக்குள் ஏதோ உடைந்தது. காற்றாடி நின்றுவிட்டது. திடீரென்று சத்தம் நின்றதற்குத்தான் வெள்ளையன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

எஞ்சின் போய்விட்டது. திறந்து பார்த்தேன். திருத்த முடியாது. நான் மணிக்கூட்டுக்காரன், எது திருத்த முடியும் எது முடியாது என்று எனக்குத் தெரியும்.

நேற்று மூட்டை ஏற்றிய வண்டியோடு பாலத்து ஏற்றம் ஏறினோம். பின்னால் லொறி, முழு ஏற்றமும். வெள்ளையன் காதை ஆட்டிக்கொண்டு நடந்தது. கறுப்பையா மேலே வந்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி, தெருவோரம் உட்கார்ந்து அழுதான். நானும்தான். ஹலீம் மட்டும் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றான், மடையன்.

பல்லேகலத் தோட்டத்தில் திங்கள் முதல் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் முள் இருக்கிறது, இனி பறக்க எதுவும் இல்லை. என்னைத் திட்டி எழுதுங்கள். வாசிக்கத் தயாராக இருக்கிறேன்.

மஹ்ரூப்


மன்னார்
3 பெப்ரவரி 1939

அன்புள்ள நானா,

திட்டி ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம் வந்தது. கமலாசனி வாசித்துப்போட்டு, "உதை அனுப்பினியளெண்டால், அந்தாளுக்குப் பதிலா மாடுதான் பதில் போடும்" என்றாள். கிழித்துவிட்டேன். இரண்டு நாள் கோபம் தணியவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். பிறகு வெள்ளையன் ஏற்றம் ஏறிய இடத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்தேன்.

கண்காட்சிக்கு இல்லை என்று எழுதியாயிற்று.

நேற்று பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடந்தேன். இங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் வெளி. மலை இல்லை, வண்டித்தெரு இல்லை, சனமும் இல்லை. கழுதைகள் நிற்கின்றன, அவை எதற்கும் அசையாத சாதி. காற்றோ வந்த நாள் முதல் ஓயவில்லை. கமலாசனியின் தலையிடிக்கு அதுதான் காரணம். எஞ்சினைக் கழற்றிவிட்டால் விமானத்தின் பாரம் பாதியாகிவிடும். மூக்கில் கொஞ்ச ஈயம் வைத்து, நீண்ட கயிற்றில் பட்டம்போல் இழுத்து ஏற்றி விட்டால், இந்தக் காற்று அதைச் சும்மா தாங்கும். வாலைத் திருப்ப எஞ்சின் தேவையில்லை, பெட்டி போதும்.

விமானத்தை ரெயிலில் போட்டு அனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டு வாருங்கள். நான் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். பொத்தானை நீங்கள் அழுத்துங்கள்.

அன்புடன்,
வரதராசா


கண்டி
10 பெப்ரவரி 1939

ராசா,

வருகிறேன். அடுத்த சனிக்கிழமை மன்னார் ஸ்டேஷனில் நில்லுங்கள். கைரியாவும் கூட வருகிறாள். தன்னுடைய சேலை பறக்கிறதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டுமாம்.

இறக்கையில் ஓரிடத்தில் ஓட்டை இருக்கிறது. கறுப்பையா விமானத்தைக் கிட்டே கொண்டுவந்து மாட்டுக்குக் காட்டச் சொன்னான், காட்டினேன், வெள்ளையன் மோந்து பார்த்துவிட்டு நக்கிக் கிழித்துவிட்டது. அங்கே வந்து ஒட்டலாம்.

இந்த முறை பெற்றோல் ஊற்ற வழியில்லை, ஆகவே நான் கூடுதலாக ஊற்றிவிடுவேன் என்று நீங்கள் பயப்படத் தேவையில்லை. பொத்தானை மெதுவாக அழுத்துவேன். ஓடும்போது காலைப் பார்த்து ஓடுங்கள், வாலைப் பார்த்துக்கொண்டு ஓடாதீர்கள்.

விமானம் வைத்த பெட்டியோடு பஸ்ஸில் ஏற முடியாது. ஸ்டேஷன் வரைக்கும் கறுப்பையாவின் வண்டியில்தான் வருகிறோம். இடப்பக்கம் வெள்ளையன்.

மஹ்ரூப் நானா